கூட வந்தவங்க யாரு?

1/ இன்னைக்கு நைட் ட்யூட்டி இல்லை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைத்த இழை இது. சுகர், பிரஷர், தடுப்பூசி எதுவும் இதில் கிடையாது. கதைப் புத்தகங்கள் பற்றியது. ஆனால் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

2/ கேஷுவால்ட்டிக்குள் நோயாளியைக் கொண்டு வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கூட வந்தவங்க யாரு?"

எங்கள் வானூர், மரக்காணம் பக்கம் இந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, அம்மா, மகள், மருமகள். கையில் ஒயர் கூடை. அதில் பிளாஸ்க், துண்டு, பழைய ஓ.பி. சீட்டு. எல்லோருக்கும் அவர் 'அட்டெண்டர்'. பெயர் கேட்பவர் குறைவு.

3/ கதைகளிலும் இப்படி 'கூட வரும்' பெண்கள் உண்டு. துப்பறிவாளனுக்குக் கூட, விஞ்ஞானிக்குக் கூட, விண்வெளிக்குப் போகிறவனுக்குக் கூட. பல வருஷம் ஓடும் தொடர்கதைகளில் அவர்களை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

4/ எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அம்மாவால். அம்மா பால்வாடி டீச்சர். திண்டிவனம் போனால் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு மாத நாவல் வாங்காமல் திரும்ப மாட்டார். நானும் பள்ளிப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள்தான். உங்களில் பாதிப் பேர் இதே கேஸ்தான் என்று தெரியும். கமெண்டில் வந்து ஒத்துக்கொள்ளலாம் 😊

5/ முதலில் தமிழ்வாணன் (1926-1977). தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கல்கண்டு பத்திரிகை. அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால். தேநீர் உள்ளே போனால்தான் மூளை ஓடும் அவருக்கு. மனைவி பெயர் இந்திரா.

ஒரு தலைமுறைக்கே இந்திராவைத் தெரியும். ஆனால் அவர் கண்டுபிடித்த வழக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். சங்கர்லால் திரும்பி வரும் வீட்டில் இருப்பவர் அவர். அவ்வளவுதான் அவருக்கு எழுதப்பட்ட வேலை.

6/ அடுத்து 80-களின் மாத நாவல் காலம்.

ராஜேஷ்குமாருக்கு விவேக் - ரூபலா.
பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத் - சுசீலா.
சுபாவுக்கு நரேந்திரன் - வைஜயந்தி.

சிறுவயதில் நம் எல்லோருக்கும் இது மனப்பாடம். மூன்று ஜோடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் வேறு வேறு.

7/ ரூபலா, விவேக்கின் மனைவி. ஆனால் கேஸுக்கு விவேக்குடன் சுற்றுவது பெரும்பாலும் விஷ்ணு. ரூபலா இல்லாவிட்டால் கதையில் சிரிப்பும் வீடும் இருக்காது. இந்திராவிலிருந்து ஒரு படி முன்னே வந்திருக்கிறார், நன்றாகவே பேசுகிறார். துப்பறியும் வேலை மட்டும் ஆண்களிடமே இருந்தது.

8/ சுசீலா வேறு ரகம். மூன்லைட் ஏஜென்சியில் பரத்துடன் வேலை பார்ப்பவர். காதலி, ஆனால் அதற்கு முன்னால் சக ஊழியர். வைஜயந்தியும் அப்படித்தான். ஈகிள்ஸ் ஐ துப்பறியும் நிறுவனத்தின் ஆள். நரேந்திரனுடன் களத்தில் இறங்குவார்.

தமிழ்த் துப்பறியும் கதையில் 'துணை' என்ற சொல் வீட்டு வாசலைத் தாண்டி ஆபீசுக்குள் வந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

9/ ஆனால் சுசீலா என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வந்தது? உண்மையைச் சொல்லுங்கள்.

டி-ஷர்ட் வாசகம்!

ஒவ்வொரு நாவலிலும் சுசீலாவின் டி-ஷர்ட்டில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்கவே ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. வழக்கில் அவர் என்ன செய்தார் என்பது மறந்துவிட்டது. உடம்பின் மேல் எழுதியது நினைவிருக்கிறது. அந்த வாசகத்தைப் படிப்பதற்கு எந்தக் கண் தேவையோ, அந்தக் கண்ணைத்தான் எழுத்தாளர் நமக்குக் கொடுத்தார்.

10/ இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லி, "எப்படிம்மா இதைப் போய் படிச்ச?" என்று கேட்டேன். மெடிக்கல் காலேஜ் சேர்ந்த புதுசு, எல்லாம் தெரிந்துவிட்டது போல ஒரு திமிர்.

அம்மா சொன்னது: "டி-ஷர்ட்டை நீ பாத்த. நான் பாத்தது வேற. அவ வேலைக்குப் போறா, அவ வண்டியில அவ போறா, ராத்திரி வீட்டுக்கு லேட்டா வந்தா எவனும் ஏன்னு கேக்கல. அந்த மாதிரி ஒருத்திய அப்ப நம்ம ஊர்ல காட்டு பாப்போம்."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு பாத்திரத்தை எழுதியவர் ஒன்று நினைக்கலாம், வாசிக்கிற பெண் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு.

11/ சரி, ஹீரோவுக்குக் கூட ஒருத்தர் எதற்கு? காரணம் எளிமை. ஹீரோ தனியாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டான். அவன் மனதில் இருப்பது நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் கேள்வி உண்மையில் நம்முடைய கேள்வி. நமக்காகக் கேட்பவர்தான் துணை.

12/ இந்த உத்தியை உலகத்திலேயே மிக நீளமாக ஓட்டியவர்களில் முக்கியமானது பிபிசியின் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பர் 23-ல் ஆரம்பித்த அறிவியல் புனைவுத் தொடர். 1989-ல் நின்றது, 2005-ல் மறுபடி உயிர் பெற்றது.

டாக்டர் என்றதும் எங்கள் ஆள் என்று நினைக்க வேண்டாம். எம்பிபிஎஸ் கிடையாது 😄 வேற்றுக்கிரகவாசி. நீல நிற போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலம் விட்டுக் காலம் போவார். சாகும் நிலை வந்தால் உருவம் மாறி வேறு நடிகராக வருவார். கூட எப்போதும் ஒரு துணை, பெரும்பாலும் பூமியைச் சேர்ந்த இளம்பெண்.

13/ ஆரம்பத்தில் கதை அழகாகத்தான் இருந்தது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், ஒரு பெண். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். டாக்டருடன் போகிறவர்களில் பார்பரா ஒரு சரித்திர டீச்சர். 1964-ல் ஆஸ்டெக் மக்களைப் பற்றிய கதையில், நரபலியை நிறுத்தியே தீருவேன் என்று டாக்டரையே எதிர்த்து நிற்பார். கேள்வி கேட்க மட்டும் வந்தவர் இல்லை. அவருக்கென்று ஒரு படிப்பு, ஒரு பிடிவாதம்.

14/ இப்போது 1970. புதுத் துணை லிஸ் ஷா. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. மருத்துவமும் இயற்பியலும் படித்தவர். டாக்டர் பேசுவது அவருக்குப் புரியும்.

அங்கேதான் பிரச்சினை. புரிகிறவளிடம் எதற்கு விளக்க வேண்டும்? இவ்வளவு தெரிந்த பெண் துணையாகச் சரிப்பட மாட்டாள் என்பது தயாரிப்பாளர் பாரி லெட்ஸின் எண்ணம். ஒரே சீசன். விடை பெறும் காட்சிகூட இல்லை. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிவிட்டாள் என்று அடுத்த கதையில் பேச்சுவாக்கில் வரும், அதோடு சரி. 1971-ல் ஜோ கிரான்ட் வந்தார். துறுதுறு பெண், நல்ல மனசு, அறிவியல் தெரியாது. தொடர் நிம்மதியாக ஓடியது.

15/ இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'அதிகம் தெரிந்ததால் வேலை போன பெண்' கதையில் மட்டும்தானா இருக்கிறாள்?

வார்டு ரவுண்ட்ஸில் என் பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவர் பையனைப் பார்த்து "டாக்டர், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் "சிஸ்டர், பெட்ஷீட் மாத்தணும்" என்பார்கள். செவிலியர் வேலை எங்கள் வேலையைவிடக் குறைந்தது இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வருத்தம் வேறு. ஒரு ஆணும் பெண்ணும் நின்றால், அவன் டாக்டர், அவள் கூட வந்தவள். கதை சொல்லிக் கொடுத்த பாடம்.

16/ 2007-ல் அதே தொடரில் மார்த்தா ஜோன்ஸ் வந்தார். மருத்துவ மாணவி! அவர் படிக்கும் மருத்துவமனையையே பெயர்த்துக்கொண்டு போய் நிலாவில் வைத்துவிடுவார்கள். எல்லோரும் அலறும்போது அவர் மட்டும், "ஜன்னலில் காற்றுப்புகாத அடைப்பு இல்லை, ஆனாலும் மூச்சு விட முடிகிறது, எப்படி?" என்ற வழியில் யோசிப்பார். நான் கைதட்டிவிட்டேன்.

பிற்பாடு ஒரு வருஷம் தனியாக உலகம் சுற்றி உலகத்தைக் காப்பாற்றுகிறார். டாக்டர் மேல் காதல், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீசன் முடிவில் அழுதுகொண்டு காத்திருக்காமல், தானே முடிவு செய்து கிளம்பிவிடுகிறார். டாக்டர் பட்டமும் வாங்குகிறார்.

17/ அடுத்த வருஷமே, 2008-ல், டோனா. தற்காலிக வேலை பார்க்கும் சாதாரணப் பெண். ஒரு கட்டத்தில் டாக்டரின் அறிவு முழுக்க அவருக்குள் வந்துவிடுகிறது. பிரபஞ்சத்தையே காப்பாற்றுகிறார். ஆனால் மனித மூளை அதைத் தாங்காது என்று, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, டாக்டர் அவருடைய நினைவுகளை அழித்துவிடுகிறார்.

உயிரைக் காப்பாற்றத்தான். இருந்தாலும் மருத்துவராக அந்தக் காட்சி எனக்கு உறுத்துகிறது. சம்மதம் கேட்காமல் செய்த சிகிச்சை அது. லிஸ் ஷாவுக்கு 1970-ல் நடந்தது, 38 வருஷம் கழித்து வேறு வேஷத்தில்.

18/ 2018-ல் டாக்டரே பெண் ஆனார் (நடித்தவர் ஜோடி விட்டேக்கர்). துணைகளில் ஒருவர் யாஸ்மின் கான், ஷெஃபீல்டில் பயிற்சிக் காவலர், பாகிஸ்தானி குடும்பம். வினய் படேல் எழுதிய ஓர் அத்தியாயத்தில் பாட்டி சொல்லாமல் மறைத்த கதையைத் தேடி யாஸ்மின் 1947 பஞ்சாபுக்குப் போகிறார், பிரிவினை நடக்கும் நாட்களுக்கு. துணையின் குடும்பம்தான் அங்கே சரித்திரம். டாக்டர் ஓரமாக நிற்கிறார். 1963-ல் பார்பராவிடம் ஆரம்பித்தது இங்கே வந்து சேர 55 வருஷம்.

19/ நம்ம ஊர் அறிவியல் கதைக்கு வருவோம். சுஜாதா இல்லாமலா?

கணேஷ் - வசந்த் ஜோடியில் பெண்ணே இல்லை. கேள்வி கேட்கும் வேலை வசந்துக்கு. பெண்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்களாக, சந்தேகத்துக்கு உரியவர்களாக, வசந்தின் ஜொள்ளுக்கு இலக்காக வந்து போவார்கள்.

ஆனால் 80-களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'வில் அதே சுஜாதா தலைகீழாக்கினார். மையத்தில் நிலா என்ற பெண். காணாமல் போன கணவன் சிபியைத் தேடுகிறாள். கூட வரும் துணை, ஜீனோ என்ற இயந்திர நாய். ('டாக்டர் ஹூ'விலும் 1977-லேயே ஓர் இயந்திர நாய் உண்டு.)

20/ பெண் முன்னால், துணை பின்னால். சந்தோஷம்தானே? கொஞ்சம் பொறுங்கள்.

புத்தகம் படிப்பது ஜீனோ. யோசிப்பது ஜீனோ. நக்கல் அடிப்பது ஜீனோ. நிலா கேட்கிறாள், நாய் பதில் சொல்கிறது. கடைசியில் அவளை நாட்டுக்கே ராணி ஆக்குகிறார்கள். தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் பார்த்தால், ரவியும் மனோவும் ஆட்டி வைக்கும் பொம்மை ராணி அவள்.

இதைக் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். பதவி கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று அந்தக் கதை காட்டிவிட்டது. தலைவர் நாற்காலியில் மனைவி பெயர், கையெழுத்து மட்டும் அவருடையது, பேசுவதெல்லாம் கணவர் என்ற பஞ்சாயத்துகளைப் பார்த்த நமக்கு நிலாவைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

21/ இன்னொரு வேடிக்கை. 'சுஜாதா' என்பது எஸ்.ரங்கராஜனின் மனைவி பெயர். 'சுபா' என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு ஆண்கள். அட்டையில் பெண் பெயர், உள்ளே எழுதியது ஆண்கள்.

நிஜமாகவே பெண் எழுதிய வெகுஜனக் கதை இல்லையா? இருந்தது. இவர்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே.

22/ வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901-1960). ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தியவர். 115 நாவல்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்.

அவர் முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை உருவாக்கியபோது அவருக்குச் சரளமாக எழுதத் தெரியாது. சிறுவயதிலேயே கல்யாணம், பள்ளிப் படிப்பு கிடையாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் அவருடைய தோழி பட்டம்மாள்.

எனக்குப் பிடித்த துணை இவர்தான். கதையில் வருபவர் இல்லை, கதை வரக் காரணமானவர். கூட இருந்தவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு அந்த முதல் படைப்பு கிடைத்தது.

23/ இப்போது ஆஸ்பத்திரி. சில வருஷத்துக்கு முன்னால், நான் அப்போது வேலை பார்த்த ஓர் இடம். மே மாதம், மதியம். உப்பளத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயது இருக்கும். வேலை செய்யும்போதே தலைசுற்றி விழுந்துவிட்டார். வியர்வை, நாடித் துடிப்பு வேகம், பிரஷர் குறைவு.

உப்பளத்தில் நிழல் கிடையாது. மேலே சூரியன், கீழே வெள்ளையாக உப்பு. அந்த மாதத்தில் இப்படி வருபவர்கள் நிறைய. எனக்கு மனதில் கேஸ் முடிந்துவிட்டது. வெயில், நீர்ச்சத்து குறைவு.

24/ கூட வந்தவர்கள் இருவர். அண்ணன், மனைவி. அண்ணன் பேசினார். மனைவி கதவோரம் நின்றார், உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களோடு. அவரும் உப்பளத்தில்தான் வேலை.

"மாத்திரை எதாவது சாப்பிடுறாரா?"
"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் அண்ணன்.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறித்தான் இருந்தது. ரத்த சோகை இந்தப் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு என்று விட்டுவிட்டேன். டிரிப்ஸ் ஓடியது. அரை மணி நேரம் ஆகியும் பிரஷர் ஏறவில்லை.

25/ அப்போதுதான் அந்த அம்மா மெதுவாகக் கட்டில் பக்கம் வந்தார்.

"முட்டி வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடறாரு மேடம், ரெண்டு மாசமா. ரெண்டு நாளா வெளிய போனா தார் மாதிரி கருப்பா போவுதுன்னு என்னாண்ட சொன்னாரு."

எனக்கு வியர்த்துவிட்டது. வலி மாத்திரையால் வயிற்றில் புண், அதிலிருந்து உள்ளே ரத்தக் கசிவு. வெயில் காரணமே இல்லை. உடனே பரிசோதித்து உறுதி செய்து, 108-ல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. பிழைத்துவிட்டார்.

26/ ஆம்புலன்ஸ் ஏறும்போது கேட்டேன். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க என்னைக் கேக்கலியே மேடம்."

27/ 'என்னைக் கூட வந்தவள் என்று நினைக்கிறார்களே' என்று வருத்தப்பட்ட நான், கூட வந்தவளைப் பார்க்கவே இல்லை. ஆண் பேசினார், எழுதிக்கொண்டேன். பதில் தெரிந்தவர் கதவோரம் நின்றார். லிஸ் ஷாவை வெளியே அனுப்பிய தயாரிப்பாளரைத் திட்டிய அதே நான்.

28/ மருத்துவப் படிப்பில் நோயாளியிடம் கேட்டு எழுதுவதற்கு 'ஹிஸ்டரி எடுப்பது' என்றுதான் பெயர். அதில் 'தகவல் சொன்னவர் யார்' என்று ஒரு வரி உண்டு. மாணவராக இருக்கும்போது மார்க்குக்காக எழுதுவோம். வேலைக்கு வந்ததும் காலியாக விட்டுவிடுவோம். அந்த மதியத்துக்கு அப்புறம் நான் அதைக் காலியாக விடுவதில்லை. கூட வந்தவரின் பெயர், உறவு இரண்டையும் கேட்டு எழுதுகிறேன். பெயரைக் கேட்டதும் பல அம்மாக்கள் ஒரு நொடி திகைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம் பேச ஆரம்பிக்கிறார்கள். நான் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

29/ வந்தது வந்தீர்கள், டாக்டராக மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

மலம் தார் போலக் கருப்பாகப் போனால் அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். (சத்து மாத்திரை, அதாவது இரும்புச் சத்து சாப்பிட்டாலும் கருப்பாகப் போகும். எதுவானாலும் டாக்டர் முடிவு செய்யட்டும்.)

வலி மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கி நாள் கணக்கில் போடாதீர்கள்.

நோயாளியுடன் கூட வருகிறீர்களா? சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்து வாருங்கள். டாக்டர் உங்களைக் கேட்காவிட்டாலும், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். குறுக்கே பேசினால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். கோபித்தால் கோபிக்கட்டும்.

30/ அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "சுசீலா டி-ஷர்ட்டை விட மாட்டியா நீ?" என்றார். பிறகு, "அந்த உப்பளத்துக்காரப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

அன்று நான் கேட்டு எழுதவில்லை. அதனால் எனக்குத் தெரியாது.

உங்களுக்குப் பிடித்த 'கூட வந்த' பாத்திரம் யார்? கமெண்டில் சொல்லுங்கள்.